தீம் பார்க் போக எந்த மாசம் பெஸ்ட்? மூணு காலண்டரையும் பார்த்துட்டு டிக்கெட் போடுங்க!

"டேய் தம்பி, பசங்க தீம் பார்க், தீம் பார்க்னு உயிரை எடுக்குறாங்க. எந்த மாசம் போனா நல்லாருக்கும்? நீதானே ஊர் சுத்துறதைப் பத்தி எழுதுற, சொல்லு!"

இந்தப் பகுதியை எழுத ஆரம்பித்ததிலிருந்து என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். ஆபீஸில் பக்கத்து சீட் அண்ணன் தொடங்கி மாடி வீட்டு அக்கா வரை கேட்டுவிட்டார்கள். "ஜனவரி கடைசி, இல்லன்னா பிப்ரவரி. வார நாள்ல போங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அந்தப் பதில் தப்பில்லை. ஆனால், அது பாதிப் பதில்தான். மீதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் வீட்டு கிச்சன் காலண்டர். அந்தக் கதையைச் சொல்லிவிட்டே மற்றதற்கு வருகிறேன்.

ஒரு மே தினக் கதை

நான் ஆறாம் வகுப்பு முடித்த வருஷம். வீடு அம்பத்தூர். அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. அவசர ஆர்டர் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகூட கூப்பிட்டுவிடுவார்கள். வருஷத்தில் பட்டறை நிச்சயமாகப் பூட்டியிருக்கும் நாள்களில் ஒன்று மே 1. அதனால், எங்கள் தீம் பார்க் தேதியை அப்பா முடிவு செய்யவில்லை. பட்டறைதான் முடிவு செய்தது.

அப்பாவுக்கு லீவு என்றால் ஊரில் இருக்கும் எல்லா அப்பாக்களுக்கும் லீவு. அது எங்களுக்கு அங்கே போன பிறகுதான் உறைத்தது. டிக்கெட் கவுன்ட்டர் க்யூவே ரோடு வரை நின்றது. உள்ளே போனால் ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு மணி நேரம். வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நடக்க முடியாமல், ஒரு நிழலிலிருந்து இன்னொரு நிழலுக்கு நானும் அக்காவும் குதித்துக் குதித்து ஓடினோம். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால், மொத்தம் நாலே ரைடு. அப்பாவின் ஒரு வாரச் சம்பளத்தில் பெரும்பகுதி காலி.

அம்மா அந்த நாலில் ஒன்றில்கூட ஏறவில்லை. ஒரு வேப்ப மரத்தடியில் எங்கள் பை, செருப்பு, புளிசாத டப்பா எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். அப்பா கூப்பிட்டதற்கு, "எனக்குத் தண்ணி ஒத்துக்காதுங்க. நீங்க பசங்களைக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து 14 வருஷம், 'அம்மாவுக்குத் தண்ணி ஒத்துக்காது' என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிய உண்மை. அது உண்மை இல்லை என்பது போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், நாள் குறிக்க நாம் பார்க்க வேண்டிய மூன்று காலண்டர்களைப் பார்த்துவிடலாம்.

முதல் காலண்டர்: வானம்

தீம் பார்க்கில் முக்கால்வாசி விஷயம் திறந்தவெளிதான். வெயில், மழை, இடி மூன்றும் நம் டிக்கெட்டோடு சேர்ந்தே உள்ளே வரும். 'தமிழ்நாட்டில் இந்த மாசம் நல்லது' என்று மொத்தமாகச் சொல்லிவிடவும் முடியாது. போகிற ஊரைப் பொறுத்து மாறும்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். ஈசிஆரில் விஜிபி, முட்டுக்காடு பக்கம் எம்ஜிஎம், பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட், 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே திறந்த வொண்டர்லா என்று இங்கே சாய்ஸ் அதிகம். சென்னைக்கு முக்கிய மழைக்காலம் வடகிழக்குப் பருவமழை. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். அதிகமாகக் கொட்டுவது நவம்பரில். டிசம்பர் வந்துவிட்டால் தப்பித்தோம் என்றும் நினைக்க முடியாது. 2015-ல் சென்னையை மூழ்கடித்த பெருமழை டிசம்பர் 1-ல்தான் கொட்டியது. 2023-ல் மிக்ஜாம் புயல் வந்ததும் டிசம்பர் முதல் வாரத்தில்தான்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நிறைய குடும்பங்களின் கையில் கொஞ்சம் பணம் புரள்வது தீபாவளி போனஸ் வரும்போதுதான். அது வரும்போதே மழையும் வந்துவிடும்! போனஸைக் கையில் வைத்துக்கொண்டு நவம்பரில் தீம் பார்க் பிளான் போடாதீர்கள். அந்தப் பணத்தை எடுத்து வைத்து, மூன்று மாசம் பொறுங்கள்.

ஏப்ரல், மே பற்றிச் சொல்லவே வேண்டாம். மே முதல் வாரம் கத்திரி தொடங்கினால் மாசக் கடைசி வரை வாட்டும். 2003 மே கடைசியில் சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், சின்னக் குழந்தை, வயதானவர்கள், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் என்று யாராவது கூட வந்தால் மே மாத மதிய வெயில் விளையாட்டில்லை. 'தண்ணியிலதானே இருக்கப்போறோம்' என்பது கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் தண்ணீரில் இருக்கும் நேரத்தைவிட க்யூவில் இருக்கும் நேரம்தான் அதிகம்.

சென்னைக்கு ஜனவரி பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நல்ல நேரம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. இன்னொரு நல்ல நேரமும் இருக்கிறது, அதை யாரும் யோசிப்பதில்லை. ஜூன் பிற்பகுதியும் ஜூலையும். வெயில் இருக்கும், ஆனால் தண்ணீர் ரைடுகளுக்கு அது நல்லதுதான். மழை வந்தாலும் பெரும்பாலும் சாயங்காலமோ ராத்திரியோ இடியோடு வந்துவிட்டுப் போய்விடும்.

கொச்சிக்குப் போகிறவர்கள் இந்த ஜூன், ஜூலை கணக்கை அப்படியே மறந்துவிட வேண்டும். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கான வழக்கமான தேதியே ஜூன் 1. முதல் இரண்டு மாசமும் கொட்டித் தீர்க்கும். அங்கே வானம் ஒத்துழைப்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை.

பெங்களூரு மைசூர் ரோட்டில் பிடதி பக்கம் இருக்கும் பார்க்குக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர்க்காரர்கள் நிறைய பேர் போவார்கள். பெங்களூரு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். டிசம்பர், ஜனவரியில் காலையும் மாலையும் குளிரும். ஈர நைலான் டிரஸ்ஸோடு காற்றில் நின்றால் குழந்தைகளுக்குப் பல் கிட்டும். அங்கே பிப்ரவரி, மார்ச் சரியாக இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் மழை ஜாஸ்தி.

மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் மலையடிவாரத்தில் இருப்பதால், பிரச்னை வானத்தைவிட ரோட்டில்தான். மே மாசம் ஊட்டி சீசன், மலர்க் கண்காட்சி என்று ஏகப்பட்ட வண்டிகள் அந்த வழியில்தான் வரும். பார்க்கை முடித்துவிட்டு அப்படியே ஊட்டிக்கும் ஏறலாம் என்று நினைத்தால், இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். 2024 மே 7 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

மழை பற்றி இன்னொரு விஷயம். இடி மின்னல் வந்தால் உயரமான ரைடுகளையும் தண்ணீர் ரைடுகளையும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்துவது நம் பாதுகாப்புக்குத்தான், சண்டை போட்டுப் பயனில்லை. மழை பெய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, தேதி மாற்றித் தருவார்களா என்பதை டிக்கெட் போடும் முன்பே அவர்கள் வெப்சைட்டில் படித்துவிடுங்கள்.

இரண்டாவது காலண்டர்: பள்ளிக்கூடம்

கூட்டம் எப்போது வரும் என்று கண்டுபிடிக்க ஜோசியம் தேவையில்லை. பள்ளிக்கூடம் எப்போது பூட்டியிருக்கும் என்று பார்த்தால் போதும். காலாண்டு லீவு செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் வரும். அரையாண்டு லீவு கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை. அப்புறம் பொங்கல். பெரிய லீவு ஏப்ரல் பாதிக்கு மேல் தொடங்கி ஜூன் தொடக்கம் வரை. இந்த நாள்களில் காணும் பொங்கல், மே 1, ஜனவரி 1 மூன்றையும் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுங்கள். சனி, ஞாயிறோடு ஒட்டி வரும் அரசு விடுமுறைகளும் அதே கதைதான். 2021 முதல் தைப்பூசமும் விடுமுறைப் பட்டியலில் இருக்கிறது, கவனம்.

வெளிமாநிலம் போகிறீர்கள் என்றால் அந்த ஊர் லீவையும் பார்க்க வேண்டும். நம் காலாண்டு லீவில் பெங்களூரு போனால், அங்கே தசரா லீவு ஓடிக்கொண்டிருக்கும். கேரளத்தில் ஓணம் லீவு ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். நமக்கு அது சாதாரண வாரம், அவர்களுக்கு அது தீபாவளி மாதிரி.

'வார நாளில் போனால் கூட்டம் இருக்காது' என்பதும் எப்போதும் சரியில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளி, கல்லூரி டூர் சீசன். புதன்கிழமை காலையில் நீங்கள் போய் இறங்கும்போது, முன்னால் வரிசையாக ஸ்கூல் பஸ்கள் நிற்கலாம். ஆகவே, போவதற்கு முந்தின நாள் பார்க்குக்கு போன் போட்டு இரண்டு கேள்விகள் கேளுங்கள். "நாளைக்கு ஸ்கூல் குரூப் புக்கிங் நிறைய இருக்கா?" "எந்த ரைடாவது மெயின்டனன்ஸ்ல இருக்கா?" கூட்டம் இல்லாத நாள்களில்தான் பராமரிப்பு வேலையை வைத்துக்கொள்வார்கள். ஆள் சேர்ந்தால்தான் ஓட்டும் ரைடுகளும் உண்டு. பிள்ளைகள் ஆசைப்படும் அந்த ஒரு ரைடு அன்று ஓடுகிறதா என்று தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

கூட்டத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். காலை 11 முதல் மாலை 6 வரை பார்க்கில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 7 மணி நேரம், அதாவது 420 நிமிடங்கள். சாப்பாடு, உடை மாற்றுவது, நடப்பது எல்லாவற்றுக்கும் 2 மணி நேரம் போக, மீதி 300 நிமிடங்கள். ஒரு ரைடுக்கு ஒரு மணி நேரம் ஆனால், 5 ரைடு. 15 நிமிடத்தில் முடிந்தால், 20 ரைடு. உதாரணத்துக்கு டிக்கெட் 1,500 ரூபாய் என்றால், கூட்டமான நாளில் ஒரு ரைடுக்கு நீங்கள் கொடுப்பது 300 ரூபாய், கூட்டம் இல்லாத நாளில் 75 ரூபாய். டிக்கெட் விலை ஒன்றாக இருந்தாலே இந்தக் கணக்கு! பல பார்க்குகளில் பண்டிகை, வார இறுதி, சீசன் நாள்களுக்கு டிக்கெட்டே கூடுதல்.

எங்கள் மே தின நாலு ரைடுக்கு அப்பா எவ்வளவு கொடுத்திருப்பார் என்று இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். வேண்டாம், விடுங்கள்.

ஸ்கூலுக்கு லீவு போடலாமா?

கூட்டம் இல்லாத நாள் வேண்டுமென்றால் ஸ்கூலுக்கு ஒருநாள் லீவு போட வேண்டியிருக்கும். இது வீட்டுக்கு வீடு பெரிய சண்டை. என் கருத்து: சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு, தேர்வு இல்லாத வாரத்தில், வருஷத்துக்கு ஒருநாள் பரவாயில்லை. 10, 12-ம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் பிப்ரவரி, மார்ச் பக்கமே போகாதீர்கள். அவர்களை வீட்டில் விட்டுவிட்டு மற்றவர்கள் மட்டும் போவது அதைவிடப் பாவம். பரீட்சை முடிந்து, பள்ளி திறந்த பிறகு ஜூன் கடைசியில் போங்கள். அப்போது எல்லோரும் ஃபீஸ் கட்டி பர்ஸ் காலியாக இருப்பதால், பார்க்கும் காலியாக இருக்கும்!

ஒரு வேண்டுகோள். லீவு லெட்டரில் 'வயிற்று வலி' என்று எழுதாதீர்கள். அடுத்த நாள் குழந்தை வகுப்பு முழுக்கக் கதை சொல்லும். 'குடும்பத்தோடு வெளியூர் போகிறோம்' என்றே எழுதிவிடலாம்.

மூன்றாவது காலண்டர்: நம் வீடு

மேலே சொன்ன இரண்டு காலண்டர்களை எந்த வெப்சைட்டிலும் பார்த்துவிடலாம். இந்த மூன்றாவது காலண்டர் உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும்.

முதலில் லீவு. பார்க் காலியாக இருக்கும் நாளில் எல்லோருக்கும் லீவு கிடைக்காது. அதனால்தான் பார்க் காலியாக இருக்கிறது. என் அக்கா ஒரு ஜவுளிக் கடையில் பில்லிங்கில் இருக்கிறாள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்று ஊரே லீவில் இருக்கும்போது அவளுக்கு லீவே கிடையாது. ஆனால், வார விடுமுறை புதன்கிழமை! நாங்கள் இவ்வளவு நாள் அதைக் குறையாகவே நினைத்தோம். ஆஸ்பத்திரி, ஹோட்டல், கடை, செக்யூரிட்டி என்று ஷிப்டில் இருப்பவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களின் வார விடுமுறையை வைத்துத் தேதி குறியுங்கள். கூட்டத்திலிருந்து நீங்களும் தப்பிப்பீர்கள்.

அடுத்து, உயரம். பயமுறுத்தும் பெரிய ரைடுகளுக்குப் பல பார்க்குகளில் 140 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். பொதுவாகப் பத்து, பதினொரு வயதில்தான் பிள்ளைகள் அந்த உயரத்தைத் தொடுகிறார்கள். இப்போதே சுவரில் நிற்க வைத்து அளந்து பாருங்கள். 137, 138 என்றால், ஆறு மாசம் தள்ளிப் போவது புத்திசாலித்தனம். அவ்வளவு ஆசையோடு போன பிள்ளை, அளவுக் கம்பத்துக்குக் கீழே குதிகாலைத் தூக்கி நின்று, திருப்பி அனுப்பப்படுவதைப் பார்ப்பது கொடுமை. மாறாக, குழந்தை டிக்கெட்டும் பல இடங்களில் வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்துத்தான். சின்ன ரைடு மட்டும் போதும் என்கிற பிள்ளையாக இருந்தால், அந்த உயரத்தைத் தாண்டும் முன்பே கூட்டிப்போவது லாபம்.

அப்புறம், உடம்பு. கர்ப்பமாக இருப்பவர்கள், இதயப் பிரச்னை, ரத்த அழுத்தம், முதுகு வலி உள்ளவர்கள் பெரிய ரைடுகளில் ஏறக் கூடாது என்று போர்டே வைத்திருப்பார்கள். தாத்தா பாட்டி வந்தால் வெயில் குறைந்த மாசம்தான் சரி.

கடைசியாக, நாம் யாருமே கேட்காத ஒரு தேதி. அதற்குத்தான் எங்கள் வீட்டுக் கதைக்குத் திரும்ப வேண்டும்.

பென்சில் புள்ளி

போன வருஷம் சம்பளம் கொஞ்சம் ஏறியது. குடும்பத்தோடு இன்னொரு முறை தீம் பார்க் போக வேண்டும் என்று ஆசை. மழை, ஸ்கூல், அக்காவின் புதன்கிழமை எல்லாம் பார்த்து, பிப்ரவரியில் மூன்று புதன்கிழமைகளைத் தேர்ந்தெடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அப்பா கட்டை விரலைத் தூக்கினார். அம்மா பார்த்தார், பதில் போடவில்லை. அக்கா போன் போட்டாள்.

"அம்மாகிட்ட எந்தத் தேதி வசதின்னு கேட்டியா?"

"அம்மா வந்தாலும் உக்காந்துதானேக்கா இருக்கப்போறாங்க. அவங்களுக்குத்தான் தண்ணி ஒத்துக்காதே."

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. "எருமை! அன்னைக்கு அம்மாவுக்கு ரெண்டாவது நாள்டா. தண்ணி ஒத்துக்காதாம்... ஊர்ல இருக்கும்போது கிணத்துல குதிச்சு நீச்சலடிச்சவங்கடா அம்மா."

போனை வைத்துவிட்டு கிச்சனுக்குப் போய் காலண்டரைப் பார்த்தேன். சிலிண்டர் வந்த தேதியில் 'கேஸ்' என்று எழுதியிருக்கும். பால் வராத நாளில் பெருக்கல் குறி. சில தேதிகளின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி. பிறந்ததிலிருந்து அந்தப் புள்ளியைப் பார்த்திருக்கிறேன். அது என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை. பட்டறை லீவு, கடை லீவு, ஸ்கூல் லீவு எல்லாம் பார்த்துத் தேதி குறித்த வீட்டில், அந்தப் புள்ளியைப் பார்த்துத் தேதி குறிக்க யாருக்கும் தோன்றவில்லை.

நேராகக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "அம்மா, இந்த மூணுல உனக்கு எது வசதி?" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கென்னடா, எதுனாலும் சரி."

இன்னொரு முறை கேட்டேன். கரண்டியை வைத்துவிட்டு காலண்டரைப் பார்த்தார். "ரெண்டாவது புதன் போட்டுக்கோ. ஆனா இப்பல்லாம் சொன்ன நாளுக்கா வருது? எதுக்கும் முன்னாடி நாள் டிக்கெட் வாங்கு."

அம்மாவுக்கு இப்போது 48 வயது. நாள் தவறி வருகிற வயது. அதனால், முந்தின நாள் ராத்திரி "வாங்கவாம்மா?" என்று கேட்டு, தலையாட்டிய பிறகுதான் ஆன்லைனில் டிக்கெட் போட்டேன். சீசன் இல்லாத மாசத்தில் போவதில் இப்படியும் ஒரு வசதி. கடைசி நிமிஷத்தில் முடிவு செய்யலாம். டிக்கெட் கிடைக்காமல் போகாது.

இதை எழுதலாமா என்று அக்காவிடமும் அம்மாவிடமும் கேட்டேன். "எழுது, நாலு வீட்டுல கேப்பாங்க" என்று அம்மாவே சொன்னார். அதனால் தெளிவாகவே சொல்கிறேன். அந்த நாள்களில் பெண்கள் தீம் பார்க் போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தண்ணீர் இல்லாத ரைடுகளில் ஏறலாம். மென்ஸ்ட்ருவல் கப், டாம்பன் பழகியவர்கள் தண்ணீரிலும் இறங்குகிறார்கள். நாப்கின் மட்டும் பயன்படுத்துபவர்களுக்குத் தண்ணீர் சரிப்படாது. எது வசதி என்பது அவரவர் முடிவு. ஆனால், முடிவு செய்ய அவர்களிடம் தேதியைக் கேட்டிருக்க வேண்டும். அம்மா, மனைவி, தங்கை, வயதுக்கு வந்த மகள் என்று வீட்டில் யார் இருந்தாலும், டிக்கெட் போடும் முன் தேதியைச் சொல்லி, "உனக்கு ஓகேவா?" என்று கேட்டால் போதும். காரணம் கேட்க வேண்டியதில்லை.

அப்போ எந்த மாசம்தான்?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சென்னைக்கு: பொங்கல் கூட்டம் அடங்கிய பிறகு ஜனவரி கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை. விட்டால், ஜூன் பிற்பகுதி, ஜூலை.

கொச்சிக்கு: ஜனவரி, பிப்ரவரி. டூர் பஸ்கள் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பெங்களூருக்கு: பிப்ரவரி, மார்ச். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாதிரி விடுமுறைகள் சனி, ஞாயிறோடு ஒட்டி வந்தால் ஐ.டி. கூட்டம் மொத்தமும் அங்கேதான் இருக்கும்.

மேட்டுப்பாளையத்துக்கு: ஊட்டி சீசனுக்கு முன், பிப்ரவரி, மார்ச்.

எந்த ஊராக இருந்தாலும் செவ்வாய், புதன், வியாழன் நல்லது. மே மாசம் மட்டும்தான் முடியும் என்றால், கவலைப்படாதீர்கள். வார நாளாகப் பாருங்கள். கேட் திறக்கும்போதே உள்ளே இருங்கள். பெரிய ரைடுகளை முதல் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, மதிய வெயிலுக்குத் தண்ணீருக்குப் போங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் மறக்காதீர்கள்.

இந்த முறை

எங்கள் இரண்டாவது புதன்கிழமைக்கு வருகிறேன். அப்பாவுக்கு ஒருநாள் கூலி போனது. அக்கா மகள் ஒன்றாம் வகுப்பு, ஒருநாள் லீவு. ஒரு ஸ்கூல் டூர் பஸ் நின்றது. ஆனால், க்யூ எதுவும் 15 நிமிஷத்தைத் தாண்டவில்லை.

அக்கா அம்மாவுக்காக ஃபுல் ஹேண்ட் நைலான் டாப்ஸும் லெகின்ஸும் வாங்கி வந்திருந்தாள். காட்டன் துணியோடு தண்ணீரில் விட மாட்டார்கள். புடவை, நைட்டி தவிர வேறு உடையில் அம்மாவை அன்றுதான் முதல் முறை பார்த்தேன். அம்மாவுக்கும் கூச்சம். பத்து நிமிஷம் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டே நின்றார். பெரிய ரைடு எதிலும் ஏறவில்லை, முழங்கால் வலி இருக்கிறது. ஆனால், டியூபில் உட்கார்ந்து தண்ணீரில் மெதுவாக மிதந்து போவார்களே, அதில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து சுற்று சுற்றினார். ஆறாவது சுற்றுக்கும் போகலாம் என்றார். பேத்திதான் பசிக்கிறது என்று அழுதாள்.

பைகளை லாக்கரில் வைத்தோம். 14 வருஷத்துக்கு முன்பும் அங்கே லாக்கர் இருந்திருக்கும். அம்மா இருக்கிறாரே என்று நாங்கள்தான் தேடவில்லை.

அடுத்த முறை நீங்கள் தீம் பார்க்குக்குத் தேதி குறிக்கும்போது மழையைப் பாருங்கள், ஸ்கூல் லீவைப் பாருங்கள், ஆஃபர் பாருங்கள். அப்புறம் வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். யாராவது "எனக்கு எதுனாலும் சரி" என்று சொன்னால், அவரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.